புற ஊதா ஒளி தோலின் நோய் எதிர்ப்பை எப்படி அடக்குகிறது?

கேட்டிருப்பது இது: வெயிலில் நெடுநேரம் இருந்துவிட்டு வந்தால் மூன்று நாலு நாளில் உதட்டோரம் கொப்புளம் கிளம்பிவிடுகிறது. வெயில் தோலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், அதனால்தான் என்று டாக்டர் சொன்னார். அதே டாக்டர், முழங்கையில் இருக்கும் சொரியாசிஸுக்குப் புற ஊதா ஒளிச் சிகிச்சை எடுக்கலாம் என்கிறார். கெடுதல் செய்யும் ஒளியே மருந்தாகவும் எப்படி ஆகும்?

இரண்டு இடத்திலும் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ‘குறைத்துவிடும்’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் திருத்தவேண்டும். அதைக் கேட்டால், வெயிலில் வாடின செடி மாதிரி தோலின் காவல் செல்கள் துவண்டுபோகின்றன என்றுதான் தோன்றும். கொஞ்சம் துவளவும் செய்கின்றன. ஆனால் முக்கியமாக நடப்பது வேறு. புற ஊதா ஒளி பட்ட தோல், ‘இப்போது இங்கே பார்ப்பதைக் கண்டுகொள்ளாதே’ என்று நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பாடம் நடத்துகிறது. அந்தப் பாடம் வெயில் பட்ட இடத்தோடு நிற்பதில்லை. வெயில் தணிந்த பிறகும் மறந்துபோவதில்லை. இதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே வியப்பான விஷயம், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1970களின் தொடக்கத்தில் மார்கரெட் கிரிப்கி என்ற நோய் எதிர்ப்பியலாளர் சுண்டெலிகளில் புற ஊதா ஒளியால் வரும் தோல் கட்டிகளைப் படித்துக்கொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக உள்ளினப் பெருக்கம் செய்த எலிகள் அவை. மரபணுவில் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றின் தோலை எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் ஏற்றுக்கொள்ளும். அப்படியானால் ஒன்றின் கட்டியை இன்னொன்றில் வைத்தாலும் வளரவேண்டும். வளரவில்லை. ஆரோக்கியமான எலிகள் பெரும்பாலான கட்டிகளை அழித்துத் தள்ளிவிட்டன. 1974இல் அவர் இதை வெளியிட்டார். இந்தக் கட்டிகள் ‘நான் அந்நியன்’ என்று உரக்கச் சொல்லும் அடையாளங்களைச் சுமந்திருக்கின்றன, எந்த நோய் எதிர்ப்பு மண்டலமும் தவறவிட முடியாத அளவுக்கு. சரி, அப்படியானால் முதல் எலியின் உடம்பில் அது எப்படி வளர்ந்தது? அந்த எலிக்கும் நோய் எதிர்ப்பு மண்டலம் இருந்ததே?

விடை அடுத்த சோதனையில் வந்தது. சில வாரங்கள் புற ஊதா ஒளி வாங்கிய, ஆனால் இன்னும் கட்டி எதுவும் வராத எலிகளில் அதே கட்டியை வைத்தார்கள். ஒளி பட்டது முதுகில், கட்டியை வைத்தது வேறு இடத்தில். அங்கேயும் வளர்ந்தது. அதைவிட முக்கியமானது: ஒளி வாங்கிய எலிகளின் நிணநீர் செல்களை (நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் வெள்ளை அணுக்களை) எடுத்து, ஒளியே படாத எலிகளுக்கு மாற்றினால் அவையும் கட்டியை எதிர்க்கும் திறனை இழந்தன. 1977இல் வந்த இந்த முடிவை நான் முதன்முதலில் படித்தபோது மூன்று முறை திரும்பப் படித்தேன். பலவீனத்தை ஊசியில் எடுத்து இன்னொரு உடம்புக்கு ஏற்ற முடியாது. ஏற்ற முடிகிறது என்றால் அங்கே வேலை செய்யும் ஏதோ ஒரு செல் இருக்கவேண்டும். அடக்குவதையே தொழிலாகக் கொண்ட செல்.

அந்தச் செல்லுக்கு அப்போது ‘அடக்கும் டி செல்’ என்று பேர். டி செல் என்பது அந்நியனை அடையாளம் கண்டு தாக்கும் ஒரு வகை வெள்ளை அணு; இதுவோ அந்தத் தாக்குதலை அடக்குவது. அதன் தனி அடையாளத்தை யாராலும் பிடிக்க முடியாததால் 1980களில் அந்தக் கருத்தே மதிப்பிழந்தது. பேசுவதற்கே கூச்சப்பட்டார்கள். 1995இல் ஷிமோன் சகாகுச்சி அதற்கு ஒரு மேற்பரப்பு அடையாளத்தைக் காட்டினார். பிறகு அதை ஆளும் மரபணுவும் தெரிந்தது. இன்று அதை ஒழுங்குபடுத்தும் டி செல் என்கிறோம். சகாகுச்சிக்கும், மரபணுப் பக்கத்தை அவிழ்த்த மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது. வெயில் பட்ட எலியின் நிணநீர் செல்களில் கிரிப்கியின் குழு 1977இலேயே இதன் வேலையைப் பார்த்துவிட்டது.

இப்போது தோலுக்குள் போவோம். மேல்தோலில் பெரும்பாலானவை கெரட்டினோசைட் என்ற சுவர் செல்கள். அவற்றுக்கிடையே நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை லாங்கர்ஹான்ஸ் செல்கள். 1868இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் தோலைத் தங்கக் குளோரைடில் ஊறவைத்துப் பார்த்தபோது, கிளைகிளையாகக் கைகள் நீட்டிய இந்தச் செல்களைக் கண்டு நரம்புச் செல்கள் என்று நினைத்துவிட்டார். அவர் அப்படி நினைத்ததில் தவறில்லை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மேல்தோலை ஒரு மெல்லிய தாளாக உரித்து, சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், ஏறத்தாழ சம தூரத்தில் ஒவ்வொன்றும் நின்றுகொண்டு, பக்கத்துச் செல்லைத் தொட்டும் தொடாமலும் கைகளை விரித்திருக்கும். வலை போட்ட மாதிரி இருக்கும். வெளியிலிருந்து எது நுழைந்தாலும் ஏதோ ஒரு கையில் சிக்கியாக வேண்டும்.

புற ஊதா ஒளி பட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து அதே இடத்துத் தோலை உரித்துப் பார்த்தால் மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே இருக்கும். வலையில் பெரிய பெரிய ஓட்டைகள். மிச்சமிருக்கும் செல்கள் கைகளை உள்ளிழுத்து உருண்டை உருண்டையாக நிற்கும். சில செத்துவிட்டன. ஆனால் காணாமல் போனவையெல்லாம் செத்தவை அல்ல. நிறைய செல்கள் தோலைவிட்டுக் கிளம்பி, டி செல்கள் கூடியிருக்கும் நிணநீர்க்கணுவுக்குப் போயிருக்கின்றன. அங்கே பிடித்துப் பார்த்தால், அவற்றின் டிஎன்ஏவில் ஒளி ஏற்படுத்திய காயம் அப்படியே இருக்கும்.

அவை போய் என்ன சொல்கின்றன என்பதைக் காட்டியது 1980இல் வந்த ஒரு சோதனை. எலியின் வயிற்றில் முடியைச் சிரைத்துவிட்டு, தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் ஒரு ரசாயனத்தைத் தடவுவார்கள். இது முதல் அறிமுகம். சில நாள் கழித்து அதே ரசாயனத்தை ஒரு சொட்டு காதில் தடவினால், அறிமுகமான டி செல்கள் பாய்ந்து வந்து காது வீங்கும். காதின் தடிமனை மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். வீக்கம் என்பது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான், ஆனால் தெளிவாக அளக்கலாம். இப்போது வயிற்றுத் தோலுக்கு முதலில் புற ஊதா ஒளி காட்டி, லாங்கர்ஹான்ஸ் செல்கள் குறைந்த நேரத்தில் அந்த ரசாயனத்தைத் தடவினார்கள். காது வீங்கவில்லை. அறிமுகமே ஆகவில்லை போலிருக்கிறது, மறுபடி செய்து பார்ப்போம் என்று ஒளி படாத நல்ல தோலில் அதே ரசாயனத்தைத் தடவினார்கள். அப்போதும் காது வீங்கவில்லை.

இங்கேதான் நின்று யோசிக்கவேண்டும். காவலாளி தூங்கிவிட்டதால் அந்நியனைப் பார்க்கவில்லை என்றால், அடுத்த தடவை விழித்திருக்கும் காவலாளி பிடித்திருப்பார். இங்கே அந்நியனைப் பார்த்திருக்கிறார்கள், பார்த்து ‘இவர் நம்ம ஆள்’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். வேறு ரசாயனத்துக்கு அதே எலி நன்றாகவே வீங்கும். ஆக, எல்லாவற்றுக்கும் பொதுவான பலவீனம் இல்லை இது. ஒளி பட்ட நேரத்தில் அந்தத் தோலில் எது இருந்ததோ அதற்கு மட்டும் விலக்கு.

வெளிச்சம் எப்படி இந்தச் செய்தியாக மாறுகிறது? எந்த மூலக்கூறும் தான் உறிஞ்சும் ஒளியால்தான் மாறும். எனவே தோலில் புற ஊதாவை உறிஞ்சுகிற மூலக்கூறு எது என்று தேடினார்கள். ஒன்றுக்கு மேல் கிடைத்தது.

முதலாவது டிஎன்ஏ. யுவிபி என்ற பகுதி, அதாவது 280 முதல் 315 நானோமீட்டர் வரை, டிஎன்ஏவில் நேராகப் படும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்கள் (தைமின் என்பது டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். இந்தக் காயம்தான் தோல் புற்றுநோய்க்கு விதை என்பது பலருக்குத் தெரியும். நோய் எதிர்ப்பை அடக்கும் செய்தியின் தொடக்கமும் இதே காயம் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. அதை நிரூபித்த விதம் அழகானது. பைப்பாலூட்டி இனத்தில் மோனோடெல்ஃபிஸ் என்ற சிறு ஒப்போசம் ஒன்று உண்டு. எலிக்கும் நமக்கும் இல்லாத ஒரு நொதி அதனிடம் இருக்கிறது: ஃபோட்டோலையேஸ். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, ஒட்டிப்போன தைமின்களைப் பிரித்துவிடும். அந்தக் காயத்தை மட்டும்தான் சரிசெய்யும், வேறு எதையும் தொடாது. 1989இல் ஒப்போசத்துக்குப் புற ஊதா கொடுத்து, பிறகு சாதாரண வெளிச்சத்தில் வைத்தார்கள். அடக்கம் நீங்கிவிட்டது. 1992இல் கிரிப்கியும் டேனியல் யாரோஷும் மற்றவர்களும் எலியிலேயே செய்து காட்டினார்கள்: டிஎன்ஏ காயத்தைச் சரிசெய்யும் டி4 எண்டோநியூக்ளியேஸ் என்ற நொதியைக் கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்து, ஒளி பட்ட தோலில் தடவினால் நோய் எதிர்ப்பு அடங்குவதைத் தடுக்க முடிகிறது. காயம் ஆறினால் செய்தியும் போகவில்லை.

இரண்டாவது, தோலின் மேலேயே காத்திருக்கும் யூரோகானிக் அமிலம். தோலின் வெளி அடுக்கில் ஃபிலாக்ரின் என்ற புரதம் சிதையும்போது வரும் ஹிஸ்டிடின் இதுவாக மாறுகிறது. கல்லீரலில் இதை மேற்கொண்டு உடைக்க ஒரு நொதி உண்டு. தோலில் அது இல்லை. அதனால் குவிந்துகிடக்கிறது. ஒரு காலத்தில் இதை உடம்பே தயாரிக்கும் சன்ஸ்கிரீன் என்று நினைத்தார்கள். 1983இல் எட்வர்ட் டி ஃபாபோவும் ஃபிரான்சஸ் நூனனும், எந்த அலைநீளம் எலிகளின் எதிர்ப்பை எவ்வளவு அடக்குகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து ஒரு வரைபடம் போட்டார்கள். அது யூரோகானிக் அமிலம் ஒளியை உறிஞ்சும் வரைபடத்தோடு ஒத்துப்போனது. ஒளி பட்டதும் இந்த மூலக்கூறு நேராக நிற்கும் வடிவத்திலிருந்து மடங்கிய வடிவத்துக்கு மாறுகிறது. மடங்கிய வடிவம் தோலில் மட்டும் தங்காமல் ரத்தத்தில் கலந்து, வெயில் பட்டவர்களின் சிறுநீரில்கூடத் தென்படும். முதுகில் பட்ட ஒளி வயிற்றுத் தோலின் எதிர்ப்பை எப்படி அடக்குகிறது என்ற புதிருக்கு இது ஒரு விடை. 2006இல் இந்த மடங்கிய வடிவம் செரட்டோனின் ஏற்பியில் (செல்லில் செரட்டோனின் வந்து ஒட்டும் இடத்தில்) போய் ஒட்டிக்கொள்கிறது என்றும் தெரிந்தது. மூளை வேதியியலில் அடிக்கடி கேட்கும் அந்தச் செரட்டோனின்தான், தோலிலும் நிணநீர்க்கணுவிலும் அதன் ஏற்பிகள் இருக்கின்றன.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். செல் சவ்வில் உள்ள கொழுப்பு ஒளியால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, தட்டணுக்களைத் தூண்டும் காரணி போன்ற பொருட்கள் நிமிடங்களில் உருவாகின்றன. அவை புரோஸ்டாகிளாண்டின் ஈ2, இன்டர்லூகின்-10 என்று செல்களுக்கிடையே செய்தி சொல்லும் பொருட்களின் ஒரு சங்கிலியைக் கிளப்பிவிடும். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலமும் ஒளியை உறிஞ்சி, செல்லுக்குள் இருக்கும் வேறொரு ஏற்பியை எழுப்பும் பொருளாக மாறுகிறது. உள்தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியிடுவதோடு தாங்களே கிளம்பி நிணநீர்க்கணுவுக்கும் போகின்றன. அரிப்புக்குக் காரணம் என்று மட்டும் நாம் அறிந்த அந்த மாஸ்ட் செல் அடிக்கடி வெயில் படும் தோலில் இவ்வளவு பெரிய வேலை செய்வது இந்தத் துறைக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

எல்லா வழிகளும் கடைசியில் போய்ச் சேருவது நிணநீர்க்கணுவில். தோலிலிருந்து வந்த செல்கள், இன்டர்லூகின்-10 நிறைந்த சூழலில், கொண்டுவந்த பொருளை டி செல்களுக்குக் காட்டுகின்றன. சாதாரணமாக ஒரு பொருளைக் காட்டும்போது ‘ஆபத்து, எழுந்திரு’ என்ற இரண்டாவது சமிக்ஞையும் கூடவே வரவேண்டும். இப்போது அது வருவதில்லை. அடையாளம் தெரிகிறது, அபாயம் தெரிவதில்லை. அந்த நிலையில் பயிற்சி பெறும் டி செல்தான் ஒழுங்குபடுத்தும் டி செல். தனக்குக் காட்டிய பொருளைப் பார்த்தால்தான் அது விழிக்கும். விழித்த பிறகு அது விடும் இன்டர்லூகின்-10 அக்கம்பக்கத்திலிருக்கும் மற்ற டி செல்களையும் சேர்த்து அமைதிப்படுத்திவிடும். இதற்கு எதிர்ப்பக்கம் இழுப்பது இன்டர்லூகின்-12. அதைக் கொடுத்தால் அடக்கம் தடைப்படுகிறது; காரணத்தைத் தேடிப் போனவர்கள் கண்டது, அது டிஎன்ஏ காயத்தைச் சரிசெய்யும் வேகத்தையே கூட்டுகிறது என்பதை. மறுபடியும் கதை டிஎன்ஏவில்தான் வந்து நிற்கிறது.

எலிக் கதை போதும், மனிதருக்கு என்ன என்று கேட்பீர்கள். 1990இல் ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் இதே மாதிரி செய்து பார்த்தார்கள்: சிறிய அளவு யுவிபி கொடுத்த தோலில் ஒவ்வாமை ரசாயனத்தைத் தடவி, பிறகு வேறு இடத்தில் சோதித்தார்கள். சுமார் 40 சதவீதம் பேருக்கு எதிர்வினை வரவில்லை. தோல் புற்றுநோய் வந்தவர்களில் இந்தச் சதவீதம் 90ஐத் தாண்டியது. ஒரே அளவு வெயில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பாடம் நடத்துவதில்லை, நன்றாகப் பாடம் ஏறுகிறவர்களிடம்தான் புற்றுநோய் அதிகம் தெரிகிறது. இதைவிட நேரடியான தடயம் மனிதரில் கிடைப்பது அரிது.

இதிலே நடைமுறைக்கு மிக முக்கியமான ஒன்று: தோல் சிவக்கவேண்டிய அவசியமே இல்லை. சிவப்பு வரத் தேவைப்படும் அளவில் மூன்றில் ஒரு பங்கு, பாதி போன்ற அளவுகளிலேயே மனிதத் தோலில் அடக்கம் அளக்கக்கூடியதாக இருக்கிறது. ‘எனக்கு எரியவில்லை, சிவக்கவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை’ என்பது தவறான கணக்கு. இன்னொன்று, தரைக்கு வரும் புற ஊதாவில் பெரும்பகுதி யுவிஏ, 315 முதல் 400 நானோமீட்டர் வரை. அது தோலைச் சிவக்கவைப்பதில் மிகவும் மந்தம். ஆனால் மனிதரிடம் அலைநீளம் வாரியாகச் சோதித்தபோது அடக்கும் திறனுக்கு இரண்டு உச்சிகள் தெரிந்தன: ஒன்று 300 நானோமீட்டர் அருகில், இன்னொன்று 370 அருகில், அதாவது யுவிஏவுக்கு நடுவில். யுவிஏ சாதாரணக் கண்ணாடியையும் தாண்டி வரும்.

சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் சிவப்பைத் தடுப்பதை மட்டும் அளந்து எழுதுவது. எஸ்பிஎஃப் 50 என்று போட்டிருந்து யுவிஏவை அரைகுறையாக மறைக்கும் களிம்பைத் தடவிக்கொண்டு, சிவக்கவில்லையே என்று நாள் முழுக்க வெயிலில் இருப்பவருக்கு நோய் எதிர்ப்புக் கணக்கில் பாதுகாப்பு அந்த எண்ணைவிடக் குறைவு. வாங்கும்போது யுவிஏ பாதுகாப்பையும் சேர்த்துப் பாருங்கள் என்று தோல் டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இவ்வளவு அடக்கம் இருந்தால் வெயிலில் போய்வந்தவர்களுக்கெல்லாம் தோலில் சீழ்க்கட்டி வரவேண்டாமா? வருவதில்லை. ஏனென்றால் அடங்குவது டி செல்களை நம்பியிருக்கும் பழகிய எதிர்ப்பு. பிறவியிலேயே உள்ள எதிர்ப்பு அதே நேரத்தில் கூடுகிறது: புற ஊதா பட்ட கெரட்டினோசைட்டுகள் பாக்டீரியாவைக் கொல்லும் சிறு புரதங்களை அதிகமாகச் சுரக்கின்றன. தடுப்பூசி விஷயத்திலும் பயப்பட வேண்டியதில்லை. தன்னார்வலர்களுக்கு யுவிபி கொடுத்துவிட்டு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுப் பார்த்த ஆய்வில், மொத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பெரிதாகக் குறையவில்லை.

ஆனால் உங்கள் உதட்டோரக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் பாக்டீரியா மாதிரி இல்லை. அது முகத்து நரம்பின் முடிச்சில் ஒளிந்திருக்கிறது. அதைத் தலையெடுக்கவிடாமல் வைத்திருப்பது டி செல்கள்தான். புற ஊதா பட்ட உதட்டில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன: நரம்பு நுனியும் தோல் செல்லும் வாங்கிய அடியால் வைரஸ் கிளம்பத் தூண்டப்படுகிறது, அதை அடக்கிவைக்கவேண்டிய உள்ளூர்க் காவலும் சில நாட்களுக்குக் கைகட்டி நிற்கிறது. உங்களுக்கு வரும் கொப்புளம் அந்த இடைவெளியில் எழுவது.

உடம்பு எதற்காக இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது? எனக்கு நியாயமாகப் படும் விளக்கம் இது. வெயில் பட்ட தோலில் காயப்பட்ட டிஎன்ஏ, உருமாறிய புரதம், செத்த செல்கள் என்று ஏராளமான புதுப்பொருள் கிடக்கும். ஒவ்வொரு தடவையும் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியன் என்று தாக்கினால், ஒவ்வொரு பகலும் தோல் வீங்கி அரித்துக்கொண்டே இருக்கும். இது வெறும் ஊகம் இல்லை, அப்படி ஆகிறவர்கள் இருக்கிறார்கள். வசந்த காலத்து முதல் வெயிலில் கை, கழுத்தில் அரிப்போடு தடிப்புத் தடிப்பாக வருவதைப் பல்லுருவ ஒளித் தடிப்பு என்பார்கள். அவர்களின் தோலில் புற ஊதா பட்ட பிறகு லாங்கர்ஹான்ஸ் செல்கள் மற்றவர்களைப் போல வெளியேறுவதில்லை, அடக்கம் சரியாக வருவதில்லை. இன்னொரு பக்கம், அவர்களிடம் தோல் புற்றுநோய் குறைவாகத் தெரிகிறது என்று ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு கையில் கொடுத்ததை மறுகையில் வாங்கிக்கொள்ளும் கணக்கு.

புற்றுநோய்ப் பக்கத்தின் கடுமையை உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடம் பார்க்கலாம். மாற்றிய உறுப்பைக் காக்க மருந்தால் டி செல்களை அடக்கியே வைத்திருக்கிறார்கள். வெயில் படும் இடங்களில் வரும் செதிள் செல் தோல் புற்றுநோய் அவர்களுக்குப் பல பத்து மடங்கு அதிகம். சாதாரணமாக நம்மிடம் உருவாகும் எத்தனை கெட்ட செல்களை டி செல்கள் சத்தமில்லாமல் துடைத்துவிடுகின்றன என்பது அதிலிருந்து தெரியும். புற ஊதாவுக்கு இரட்டை வேலை: மரபணுவைக் கெடுத்துக் கெட்ட செல்லை உண்டாக்குவதும் அதுதான், பிடிக்கவேண்டிய ஆளை ‘விட்டுவிடு’ என்று சொல்வதும் அதுதான்.

சரி, அப்புறம் சொரியாசிஸ். அங்கே பிரச்சினையே டி செல்கள் தேவையில்லாமல் தோலைத் தாக்குவது. அடக்கம்தான் அங்கே வேண்டியது. ஒளிச் சிகிச்சையின் தந்தை என்று சொல்லப்படும் நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் வாங்கினார், ஆனால் தோல் காசநோய்க்கு ஒளி கொடுத்ததற்காக. இன்றைய பயன்பாடு வேறு வழியில் வந்தது. 1981இல் ஜான் பாரிஷும் கர்ட் யேனிக்கியும் சொரியாசிஸ் படையில் சின்னச் சின்ன இடங்களுக்கு வெவ்வேறு அலைநீளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 290 நானோமீட்டரும் அதற்குக் கீழும் தோலைச் சிவக்கவைத்தன, படை குறையவில்லை. 300க்குச் சற்று மேலே போனதும் படை மறைந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 311 நானோமீட்டரை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையை மட்டும் விடும் விளக்கு. இந்த ஒளி படையில் ஊடுருவியிருக்கும் டி செல்களை நேராகவே சாகவைக்கிறது. மேலே சொன்ன அடக்கும் பாடமும் கூடவே நடக்கிறது.

சிகிச்சை அறையில் முதல் நாள் என்ன செய்வார்கள் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். முதுகிலோ முன்கையிலோ வெயில் அதிகம் படாத இடத்தில் ஒரு மறைப்பை வைத்து, சின்னச் சதுரங்களாக, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒளி கொடுப்பார்கள். மறுநாள் வந்து பார்க்கச் சொல்வார்கள். வரிசையில் முதல் சில சதுரங்கள் தெரியவே தெரியாது. ஏதோ ஒன்றிலிருந்து இளஞ்சிவப்பாகக் கோடு கட்டும். அதுதான் உங்கள் தோலின் அளவு. அதில் பாதியிலிருந்து 70 சதவீதம் வரைக்குள் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, படிப்படியாக ஏற்றுவார்கள். கண்ணுக்குக் கட்டாயம் கண்ணாடி. வெயிலில் நிற்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த அளவில்தான் இருக்கிறது: எந்த அலைநீளம், எவ்வளவு, எத்தனை தடவை என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு உண்டு. அதனால் மொட்டை மாடியில் நின்று நானே வெயில் வாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மாத்திரை எதுவும் உண்டா என்று கேட்பவர்களுக்காக: நிக்கோட்டினமைடு என்ற பி3 வைட்டமின் வடிவம், செல்லுக்கு டிஎன்ஏ காயத்தைச் சரிசெய்யத் தேவைப்படும் ஆற்றலைத் தக்கவைத்து, மனிதத் தோலில் புற ஊதாவின் அடக்கத்தைக் குறைக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்த 386 பேருக்கு ஓராண்டு, தினம் இரண்டு வேளை 500 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. மெலனோமா (நிறமிச் செல்களில் தொடங்கும் தோல் புற்றுநோய்) அல்லாத புதிய தோல் புற்றுநோய்கள் 23 சதவீதம் குறைந்தன. நிறுத்தியதும் பலன் போய்விட்டது. உறுப்பு மாற்று செய்துகொண்ட 158 பேரிடம் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில் பலன் தெரியவில்லை. டி செல்களை மருந்தே அடக்கிவைத்திருக்கும் உடம்பில், ஒளியின் அடக்கத்தை மட்டும் நீக்கி என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோல் புற்றுநோய் வந்த வரலாறு இல்லாதவர் இதை வாங்கிச் சாப்பிடக் காரணம் இல்லை.

உங்கள் உதட்டுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. 1991இல், வெயில் பட்டால் உதட்டில் ஹெர்பிஸ் வரும் வழக்கமுள்ள 38 பேருக்கு அளந்த புற ஊதா ஒளியை உதட்டில் காட்டினார்கள். வெறும் களிம்பு தடவியிருந்தபோது 27 பேருக்குக் கொப்புளம் வந்தது. சன்ஸ்கிரீன் தடவிய தடவையில் ஒருவருக்கும் வரவில்லை. உதட்டுக்கென்று விற்கும், யுவிஏவையும் சேர்த்துத் தடுக்கும் குச்சி ஒன்றை வாங்கி, வெளியே இருக்கும் நேரம் முழுக்க மறுபடி மறுபடி தடவுங்கள். சாப்பிட்டால், வாய் துடைத்தால் போய்விடும். ஒளிச் சிகிச்சைக்கு முதல் நாள் போகும்போது, உதட்டில் இப்படி வரும் என்று அங்கே மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் படை முழங்கையில்தான் இருக்கிறது. முகத்தை மூடிவிட்டே ஒளி கொடுப்பார்கள்.